என் அப்பாவின் ரிவால்வரில் உன் தோட்டா

ஃபேர்மவுண்ட், மிசூரி
மார்ச் 14, 1988

ராய்ஸ்,

போனில் கூப்பிட்டால் பாதியில் நீ வைப்பாய், இல்லை நான் வைப்பேன். விவாகரத்தாகி ஆறு வருடத்தில் இது மட்டும் மாறவில்லை. கடிதம் என்றால் கடைசி வரி வரைக்குமாவது நீ குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நேற்று ட்வைலா சாப்பிட வந்திருந்தாள். கிளம்பும்போது கார் சாவியைக் காணோம் என்று கைப்பையில் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தாள். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, காயத்துக்குக் கட்டும் துணிச்சுருள், பாதி தின்ற பிஸ்கட், அப்புறம் என் அப்பாவின் ரிவால்வர். பேத்திக்கென்று அவர் விட்டுப்போனது. அவள் வளரும்வரை உன் கடைப் பெட்டகத்தில் இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். எடுத்துக் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. ஏழு வயதிலிருந்து அணில் சுட்டு வளர்ந்தவள் நான், துப்பாக்கியைப் பார்த்து மயங்கி விழ மாட்டேன்.

ஆனால் தோட்டா நிற்கும் உருளையைத் திறந்து பார்த்தேன். ஐந்து தோட்டாவின் பித்தளை அடியிலும் கூட்டல் குறியும் பக்கத்தில் பி எழுத்தும். உன் கவுண்டரில் வீரியத் தோட்டா என்று சொல்லி விற்பாயே, அது.

"இதென்னடி இதுல?"

"அப்பா போட்டுக் குடுத்தார்மா. ஸ்டைல்ஸ் கிழவிக்குக் கால்புண் கட்டப் போற மலைப்பாதையில நாய்ங்க. அப்புறம் அந்தக் கிழவியோட பையன் லோனி வேற, ஜெயில்லருந்து வந்திருக்கான். காருக்கு முன்னால நின்னுக்கிட்டு நகர மாட்டேங்கறான். எதுக்கும் இருக்கட்டும்னார்."

லோனியைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. அதை விடு. அப்பா அந்த ரிவால்வரை வாங்கியது 1956இல். சட்டைப்பையில் கனக்கக்கூடாது என்று அலுமினிய உடல். அந்தக் கூட்டல் குறி அப்போது எந்தத் தோட்டாவிலும் கிடையாது. அந்தக் காலத்துத் தோட்டாவைவிட அதிக அழுத்தத்தில் வெடிக்கிற மருந்தை அதற்குள் வைத்து, என் மகள் கையில் கொடுத்து, அவள் முகத்துக்கு முன்னால் பிடிக்கச் சொல்லியிருக்கிறாய். பாதுகாப்பானதுதான் என்று உனக்கு யார் சொன்னார்கள்? உன் பதில் வேண்டும். உன் கடை வாசலில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தின் பதில் வேண்டாம்.

மார்ஜீன்

*

டேகெட் ஹார்டுவேர், ஹார்லன் ஃபோர்க்
மார்ச் 21

மார்ஜீன்,

உன் கடிதத்தைக் கடையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தேன். ஹோமர் ஜட் சிரித்த சிரிப்பில் காபி அவன் சட்டையெல்லாம். "ஏன்டா ராய்ஸு, உன் பழைய சம்சாரம் தோட்டாவுக்கும் மார்க் போடுதா? பெயிலா பாஸா?" என்று கேட்டான். கல்லூரியில் வரலாறு நடத்துகிற அம்மாவுக்கு எல்லாப் பாடமும் தெரியும்டா என்றேன்.

சரி, பாடம் கேட்டுக்கொள். பெயர் அதேதான், அளவும் அதேதான். உருளைக்குள் இழுக்காமல் பிடிக்காமல் உட்காருகிறது. அழுத்தம் கூடுதல் என்றால் பத்தோ பதினைந்தோ சதவீதம், டைனமைட் இல்லை. உன் அப்பாவுடைய ரிவால்வருக்குக் குழல் இரண்டு அங்குலம். அதிலிருந்து பழைய ஈயத் தோட்டா வெளியே வருகிற வேகத்துக்கு, லோனி ஸ்டைல்ஸ் தடித்த குளிர்கோட்டு போட்டிருந்தால் பித்தானைத் தட்டிவிட்டு மன்னிப்புக் கேட்கும். என் மகள் விசையை அழுத்துகிற நாள் ஒன்று வந்தால், அந்த ஒரு தோட்டா வேலை செய்ய வேண்டும். எனக்கு அவ்வளவுதான்.

கொடுப்பதற்கு முன்னால் இரண்டு உருளை நிறையச் சுட்டுப் பார்த்தேன். கை வலித்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை, பார், இதோ அதே விரல்களால்தான் எழுதுகிறேன். பழைய துப்பாக்கியில் இதைப் போட்டால் அது பட்டாசு மாதிரி வெடிக்கும் என்று நினைப்பவர்கள் துப்பாக்கியைப் புத்தகத்தில் பார்த்தவர்கள். எப்போதோ ஒரு தடவை ஐந்து தோட்டா. அதற்குள் எந்த அலுமினியமும் தேய்ந்துவிடாது.

லோனியைப் பற்றி உன்னிடம் சொல்லாததற்குக் காரணம், சொன்னால் இப்படி ஒரு கடிதம் வரும் என்பதுதான்.

ராய்ஸ்

*

ஃபேர்மவுண்ட்
ஏப்ரல் 11

ராய்ஸ்,

ஹோமரின் சட்டைக்கு என் அனுதாபம்.

ரிவால்வரைச் செய்த கம்பெனிக்கு அதன் எண்ணைக் குறிப்பிட்டு எழுதியிருந்தேன். பதில் வந்துவிட்டது, இந்த உறைக்குள்ளேயே வைத்து அனுப்புகிறேன். அந்தக் காலத்து அலுமினிய உடல் ரிவால்வர்களில் கூட்டல் குறி போட்ட தோட்டாவைப் பயன்படுத்தக்கூடாது என்கிறார்கள். எஃகு உடலாக இருந்தால் அது வேறு கதையாம். இதுவும் முதல் தோட்டாவிலேயே சிதறும் என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் உடல் கொஞ்சம் நீளும், உருளை ஆட ஆரம்பிக்கும், குழல் திருகியிருக்கிற இடத்துக்கு அடியில் விரிசல் விடலாம். துப்பாக்கியைப் புத்தகத்தில் பார்த்தவர்கள் இல்லை இவர்கள், அதைச் செய்தவர்கள்.

இப்போது உன் வாதத்துக்கு வருகிறேன். எப்போதோ ஒரு தடவை ஐந்து தோட்டா என்று எழுதியிருக்கிறாய். நேற்று ட்வைலாவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன்.

"பழகறதுக்கு எங்கடி போற?"

"ஞாயித்துக்கெழம சர்ச் முடிஞ்சதும் அப்பாவோட கல்குவாரிக்கு. கிறிஸ்துமஸ்லருந்து போறோம். ஒரு வாரம் விட மாட்டார்."

"என்ன தோட்டால?"

"பையில இருக்கறதுலதான். அப்பாவப் பத்தித் தெரியாதா உனக்கு?"

தெரியும். பையில் எந்தத் தோட்டா இருக்கிறதோ அதிலேயேதான் பழக வேண்டும், இல்லாவிட்டால் அவசரத்தில் துப்பாக்கி உதைக்கிற உதையில் கை பயந்துவிடும் என்று உன் கவுண்டருக்கு வருகிற அத்தனை பேருக்கும் நீ பாடம் எடுப்பாய். அது நல்ல பாடம்தான். ஆனால் அந்தப் பாடமும், எப்போதோ ஐந்து தோட்டாதானே என்ற உன் சமாதானமும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியாது. இரண்டில் ஒன்று பொய். முதல் வருட மாணவன் கட்டுரையில் இப்படி எழுதினால் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போடுவேன். உனக்கு அதுகூட வீண் செலவு.

கிறிஸ்துமஸிலிருந்து இன்றுவரை எத்தனை ஞாயிறு? அதை நீயே கூட்டிக்கொள். சாதாரணத் தோட்டாவைப் போட்டுக் கொடு.

மார்ஜீன்

*

ஹார்லன் ஃபோர்க்
ஏப்ரல் 19

மார்ஜீன்,

கம்பெனிக் கடிதத்தை எழுதியவன் துப்பாக்கி செய்கிறவன் இல்லை, அவன் பக்கத்து அறையில் இருக்கிற வக்கீல். நாளைக்கு எவனாவது கேஸ் போட்டால் தப்பிக்க எழுதி வைப்பது. ஏணி விற்றால் ஏணியில் ஏறாதே என்று ஒட்டி அனுப்புகிற காலம் இது. நான் பத்தொன்பது வருடமாகக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். அதே மாடல் ரிவால்வர் ஹோமர் மனைவியிடம் இருக்கிறது, மரக்கடை ஃபாயிட்டிடம் இருக்கிறது. எல்லோருக்கும் நான்தான் இந்தத் தோட்டாவை விற்றேன். ஒருவன்கூட விரலைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வரவில்லை.

உருளை முன்னும் பின்னும் கொஞ்சம் ஆடத்தான் செய்கிறது. முப்பது வருடத்துத் துப்பாக்கி ஆடாதா? உனக்கும் எனக்கும் முழங்கால் ஆடவில்லையா? அதற்காக நம்மைத் தூக்கிப் போட்டுவிட்டார்களா? (உன்னைக் கேட்டால் ஆமாம் என்பாய்.)

நீ எழுதுவதைப் படித்தால் இந்த மகள் உனக்கு மட்டும்தான் பிறந்தாள் போலிருக்கிறது. லோனி அவள் காரின் முன்பக்கத்தில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு சிரித்த அன்றைக்கு அவள் வந்து நின்றது என் கடையில். நீ தொண்ணூறு மைல் தள்ளி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாய்.

இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை கல்குவாரியில் ஒரு பெட்டி முழுக்க, ஐம்பது வீரியத் தோட்டா, உன் அப்பாவின் துப்பாக்கியில் சுடப்போகிறேன். ஹோமர் சாட்சி. அதற்குப் பிறகாவது வரலாறு நடத்துவதோடு நின்றுகொள்.

ராய்ஸ்

*

ஃபேர்மவுண்ட்
ஏப்ரல் 25

ராய்ஸ்,

இது சனிக்கிழமைக்கு முன்னால் வந்து சேர வேண்டும் என்று வேகமாக எழுதுகிறேன். சுடாதே.

ஐம்பது சுட்டு ஒன்றும் ஆகவில்லை என்றால் நீ எதை நிரூபித்திருப்பாய்? ஐம்பத்தொன்றாவது உன் கையில் வெடிக்கப் போவதில்லை, அவள் கையில்தான். நல்லதாக இருந்த துப்பாக்கியைக் கெடுத்துவிட்டு, கெடவில்லை என்று அவளிடமே திருப்பித் தருவாய். இதைவிட மட்டமான பரிசோதனையை நான் கேள்விப்பட்டதில்லை. அதற்கு ஹோமர் ஜட் வேறு சாட்சி. காபிக் கோப்பையை நேராகப் பிடிக்கத் தெரியாதவன்.

ட்வைலாவிடம் நான் சொல்லிப் பார்த்தேன். உன் அப்பாவுக்குத் தன் தவறு தெரிந்தாலும் ஒப்புக்கொள்ள வராது, கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான் என்று ஆரம்பித்தேன். அவள் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "உனக்குத் தோட்டா மேல கோவமில்லம்மா. அப்பா மேலதான். அதுக்கு நான் எதுக்கு நடுவுல?"

அவள் போன பிறகு யோசித்தேன். கம்பெனிக் கடிதம் வந்த அன்று உறையைப் பிரித்துப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது பயமில்லை. சந்தோஷம். இப்போது என்ன சொல்வான் பார்க்கலாம் என்கிற சந்தோஷம். மகள் கையில் இருக்கிற ஒரு பொருள் ஆபத்தானது என்று தெரிந்த ஒருத்திக்கு அப்படி வரக்கூடாது. உன்மேல் எனக்கிருக்கிற இளக்காரம் எங்கே முடிகிறது, அவளைப் பற்றிய கவலை எங்கே தொடங்குகிறது என்று எனக்கே சில நேரம் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. உனக்குத் தெரியும் என்று பாவனை செய்யாதே.

ஒரு வழி சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அந்த ஐந்தை எடுத்துவிட்டு சாதாரணத் தோட்டா ஐந்து போடு. நான் சொல்லித்தான் போட்டாய் என்று யாருக்கும் தெரிய வேண்டாம். உனக்கே தோன்றியதாக வைத்துக்கொள். கடையில் எல்லோருக்கும் அப்படியே சொல்லிக்கொள்.

மார்ஜீன்

*

ஹார்லன் ஃபோர்க்
மே 10

மார்ஜீன்,

ஹோமர் உங்கள் ஊர்ப் பக்கம் டிராக்டர் உதிரி வாங்க வருகிறான். அவன் கையில் உன் அப்பாவின் ரிவால்வரைத் துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். வைத்துக்கொள். துடைத்து எண்ணெய் போட்டிருக்கிறது. சனிக்கிழமை நன்றாகவே சுட்டது.

யோசித்துப் பார்த்ததில் ட்வைலாவுக்கு இன்னும் கனமான துப்பாக்கிதான் சரி என்று எனக்குத் தோன்றியது. எஃகு உடல். சொல்லி வைத்திருக்கிறேன், வர இரண்டு மூன்று வாரமாகும். உன் கடிதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ராய்ஸ்

*

ஃபேர்மவுண்ட்
மே 16

ராய்ஸ்,

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். குழலுக்கு அடியில், உடலில், கம்பெனிக்காரர்கள் சொன்ன அதே இடத்தில் ஒரு கோடு. நகத்தை வைத்து இழுத்தால் நகம் தட்டுகிறது. எண்ணெய் போட்டுத் துடைத்த கை அதன்மேல் போயிருக்காது என்று நான் நம்ப வேண்டுமா? பத்தொன்பது வருடம் கவுண்டருக்குப் பின்னால் நின்ற கண்ணுக்கு அது தெரியவில்லையா?

எனக்குத் தெரியாமல் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றுதானே எண்ணெயை அவ்வளவு தாராளமாக ஊற்றினாய்?

நேற்று ட்வைலா போன் செய்தாள். 'ஹலோ' கூடச் சொல்லவில்லை.

"தாத்தா எனக்குக் குடுத்ததும்மா அது. திடீர்னு உனக்கு உங்கப்பா ஞாபகம் வந்துருச்சாமே? திருப்பிக் குடுன்னு கேட்டியாமே? வாங்கி என்ன செய்யப்போற, அலமாரியில வச்சுப் பாக்கவா?"

"யார்டி சொன்னது?"

"அப்பாதான். 'உங்கம்மா புடுங்கறா, குடுத்துத் தொலைக்கலாம்'னார். நாளைக்கு நான் ஸ்டைல்ஸ் வீட்டுக்குப் போகணும். வெறுங்கையோட போறேன். உனக்கு இப்பச் சந்தோஷமா?"

விரிசல் விட்டதை மறைக்க உனக்குக் கிடைத்த ஒரே துணி நான். பரவாயில்லை, இதற்கு முன்னாலும் என்னை அதற்குப் பயன்படுத்தியிருக்கிறாய். ஆனால் ஹோமர் மனைவியின் பையில் அதே ரிவால்வர் இருக்கிறது, உன் தோட்டாவோடு. ஃபாயிட்டிடம் இருக்கிறது. அவர்களிடம் என்ன சொல்லியிருக்கிறாய்? அவர்களுடைய அம்மாக்கள் எல்லாம் திருப்பிக் கேட்கிறார்களா?

இந்த விரிசல் விஷயத்தை அவளிடம் நான் சொன்னால் அது உன்மேல் நான் வைக்கிற இன்னொரு குற்றம் என்றுதான் கேட்பாள். அதனால் நீ சொல்ல வேண்டும். ஹோமர் புதன்கிழமை திரும்புகிறான். அதே துணியில் சுற்றி அவனிடமே கொடுத்துவிட்டேன். அவளிடம் காட்டு. ஹோமரிடமும் காட்டு, பாவம், எதைச் சுமந்துகொண்டு போய் வருகிறோம் என்றே அவனுக்குத் தெரியாது. நீ காட்டாமல் விட்டால் உன்னை வெறுப்பதற்கான சிரமத்தைக்கூட இனி நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

மார்ஜீன்

*

ஹார்லன் ஃபோர்க்
மே 24

மார்ஜீன்,

காட்டிவிட்டேன். உன் ஆசை தீர்ந்ததா?

கடையில் வைத்தே காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை வந்தாள், கல்குவாரிக்குப் போகலாமா என்றாள், வேண்டாம் என்று துணியைப் பிரித்துக் கவுண்டர் கண்ணாடிமேல் வைத்தேன். குனிந்து பார்த்தாள். விரலால் தடவினாள்.

"இது விரிசல்."

"ஆமாம்."

"அம்மா புடுங்கறான்னு சொன்னீங்க."

துணியை மடிக்க ஆரம்பித்தேன்.

"எப்பப்பா பாத்தீங்க இத?"

பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். சனிக்கிழமை ஐம்பது சுட்டதில் வந்தது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். ஏன் உண்மை வந்தது என்று தெரியவில்லை. ஏப்ரல் ஆரம்பத்தில் துடைக்கும்போது அங்கே ஒரு கறுப்புக் கோடு பார்த்தேன். மருந்துக் கரி என்று நினைத்தேன். துடைத்தால் போனது. அடுத்த வாரம் அதே இடத்தில் மறுபடி. உன் கம்பெனிக் கடிதம் வந்தபோது எந்த இடம் என்று எழுதியிருந்ததைப் படித்தேன் அல்லவா, அப்போதே அந்தக் கோடு ஞாபகம் வந்துவிட்டது. கரியாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு. அதற்குத்தான் அந்தச் சனிக்கிழமை. ஐம்பது தாங்கினால் கரி. பாதிப் பெட்டிகூட ஆகவில்லை, கோடு நீண்டுவிட்டது. கை வலிக்கிறது என்று ஹோமரிடம் சொல்லிவிட்டு நிறுத்தினேன்.

ஏப்ரல் என்று சொன்னதும் அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் உன்னைப் போல இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருப்பேன். "அப்ப இத்தன வாரமா லோனி நிக்கற எடத்துக்கு இதத்தான் எடுத்துட்டுப் போனனா?" என்று மட்டும் கேட்டாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். புதுசு வந்ததும் சொல்கிறேன் என்று பின்னாலிருந்து சொன்னேன். கதவு மூடிவிட்டது.

ஹோமரிடம் காட்டினேன். "என் பொண்டாட்டி பையில இருக்கறதும் இதே எழவுதானடா?" என்று ஓடினான். எடுத்து வந்தான். புதுசு மாதிரி இருந்தது. அவன் மனைவி வாங்கிய நாளிலிருந்து ஒரு தடவைகூடச் சுட்டதில்லையாம். என் பாடத்தைக் கேட்காத ஒரே ஆளின் துப்பாக்கி மட்டும் நன்றாக இருக்கிறது. இதை நீ வகுப்பில் சொல்லிக்கொள்ளலாம். ஃபாயிட்டுடையதில் உருளை ஆடுகிறது, விரிசல் இல்லை. அலுமினிய உடல் வைத்திருக்கிறவர்களுக்கு இனி அந்தப் பெட்டியைத் தருவதில்லை. எஃகு வைத்திருக்கிறவர்களுக்குத் தருவேன். அதில் நான் சொன்னது சரிதான், உன் கம்பெனிக்காரனே எழுதியிருக்கிறான்.

இதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்பேன் என்று காத்திருக்காதே. நீ சொன்னது சரியாக இருந்தது. ஆனால் நீ சொன்ன விதத்தில் சொன்னால் மூன்றும் இரண்டும் ஐந்து என்பதைக்கூட ஒருவன் ஒப்புக்கொள்ள மாட்டான்.

ராய்ஸ்

*

ஃபேர்மவுண்ட்
ஜூன் 6

ராய்ஸ்,

நேற்று அவள் இங்கே வந்தாள். உட்காரவில்லை. நீ காட்டியதைச் சொன்னாள். நான் எதிர்பார்த்திருந்த நேரம் இது என்று உனக்குத் தெரியும். நான் அன்றைக்கே சொன்னேன் இல்லையா என்ற வாக்கியத்தை மூன்று மாதமாக வாயில் வைத்திருந்தேன். சொல்லியும் விட்டேன்.

"எப்பம்மா சொன்ன?"

"இதே சமையலறையில."

"நீ துப்பாக்கியப் பத்தியா சொன்ன? அப்பாவப் பத்திச் சொன்ன. அவருக்குத் தப்ப ஒத்துக்க வராது, கல்யாணமான நாள்லருந்து இப்படித்தான்னு. நான் சின்ன வயசுலருந்து கேக்கற பாட்டு, காதுலயே ஏறல." அப்புறம் கேட்டாள்: "கம்பெனிலருந்து லெட்டர் வந்துச்சாமே. அத யாருக்கு அனுப்பின?"

"உங்கப்பாவுக்கு."

"துப்பாக்கி யார் பையில இருந்துச்சு?"

நான் மேஜையைப் பார்த்தேன்.

"நீங்க ரெண்டு பேரும் உக்காந்து லெட்டர் எழுதிக்கிட்டு இருந்திருக்கீங்க. ஒருத்தர் பதில் போட, இன்னொருத்தர் ஒரு வாரம் யோசிச்சு அதுக்கு மேல நல்லதா ஒண்ணு போட. எனக்கு ஒரு போன் பண்ணி, 'ட்வைலா, அத எடுக்காத'ன்னு ஒரே வரி. அது ரெண்டு பேருக்கும் தோணல. படிச்சவளுக்கும் தோணல, கடை வச்சிருக்கவருக்கும் தோணல."

அவள் குரல் உயரவே இல்லை. நீ எழுதியது சரி, கத்தியிருந்தால் தாங்கிக்கொள்ளலாம். நோயாளியின் வீட்டில் அழுக்குத் துணியை எடுத்துப் போடும்போது அவளுக்கு எப்படி முகமிருக்குமோ அப்படி இருந்தது. உன்னைப் பார்க்கும்போது என் முகம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது. அது எங்கிருந்து அவளுக்கு வந்தது என்று தேட வேண்டியதில்லை.

நீ சொல்லி வைத்த எஃகுத் துப்பாக்கி வந்தால் வேறு யாருக்காவது விற்றுவிடு. அவள் வாங்கிவிட்டாள். பக்கத்து மாவட்டத்தில், நீ முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிற அந்த ட்ரோஸ்ட்டின் கடையில். தன் சம்பளத்தில். பையைத் திறந்து காட்டவில்லை, பையின் மேல் கையை வைத்துக்கொண்டுதான் நின்றாள்.

"என்ன துப்பாக்கி?" என்று கேட்டேன்.

"புதுசு."

"என்ன தோட்டா போட்டிருக்க?"

"அத உங்க ரெண்டு பேருக்கும் சொல்றதா இல்லம்மா."

லோனி இன்னும் அங்கேதான் நிற்கிறானாம். கிழவியின் கால் புண் ஆறும்வரை இவள் போகத்தான் வேண்டும். நாளைக்குப் போகிறாள்.

ட்ரோஸ்ட்டிடம் விசாரித்து நீ தெரிந்துகொள்ளப் பார்ப்பாய், உன்னால் சும்மா இருக்க முடியாது. தெரிந்தால் எனக்கு எழுதாதே. எழுதினால் எனக்கு உடனே ஒரு கருத்து வந்துவிடும்.

மார்ஜீன்